பைக்குக் காவலிருந்த முழங்கால்

வலது முழங்கால் முதன்முதலில் மக்கர் செய்தது ஐந்தருவியில்தான். வேனிலிருந்து இறங்கக் காலை ஊன்றினேன், முடியவில்லை. என் கொழுந்தனார் மனைவி செல்வி உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: “அக்கா வேன்லயே இருக்கட்டும். பையப் பாக்க ஒரு ஆளு வேணும்லா.”

அதன்பின் ஆறு சாரல் காலம். தென்காசியிலிருந்து குடும்பமே கிளம்பும். எல்லோரும் அருவிக்குப் போவார்கள்; நான் ஏழெட்டுப் பைகளோடு வேனில் உட்கார்ந்திருப்பேன். திரும்பி வந்ததும் செல்வி ஈரத் துணியை என் மடியில்தான் போடுவாள், பாவி மகள்.

மூட்டுத் தேய்மானம் (எலும்புகளுக்கு இடையிலுள்ள குருத்தெலும்பு அரைபட்டுப் போவது) முற்றிவிட்டது, மூட்டை மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது வீட்டில் எல்லோரும் பயந்தார்கள். எனக்கு ஒரே எண்ணம்தான். அடுத்த சாரலுக்கு நான் அருவியில் நிற்க வேண்டும், செல்வி வேனில் இருக்க வேண்டும்.

அறுவையின்போது நர்வ் பிளாக் (முழங்காலுக்கு வரும் நரம்பைச் சுற்றி மருந்து செலுத்தி வலியைத் தடுக்கும் ஊசி) போட்டார்கள். மயக்க மருந்து டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். வலி இல்லையே என்று தனியாக எழுந்துவிடக் கூடாது, தொடையில் பலம் குறைந்திருக்கும். ஊசியின் வேகம் இறங்குவதற்கு முன்பே வலி மாத்திரையைப் போட்டுவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

மறுநாள் காலை செல்வி ஆரஞ்சுப் பழத்தோடு வந்தாள். “இனும அக்கா நடந்த மாரிதான்” என்று என் வீட்டுக்காரரிடம் கிசுகிசுத்தது காதில் விழுந்தது. எனக்கு வந்ததே கோபம். வலிதான் துளியும் இல்லையே. வாக்கரைத் தொடாமல் எழுந்து நின்றேன். கால் துணிபோல மடங்கியது. விழாமல் தாங்கிப் பிடித்தது யார்? அவளேதான். அவள் போன பிறகு அவமானத்தில் அழுதேன்.

அந்த வீம்பில் மாத்திரையையும் ஒதுக்கினேன். மதியத்துக்குள் ஊசியின் வேகம் இறங்கியது. வலி என்றால் அப்படியொரு வலி. கட்டில் கம்பியைக் கடிக்காத குறை. அறுவைக்குப் போகிறவர்கள் இந்தத் தப்பைச் செய்யாதீர்கள். மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள், ஆள் துணையோடு நடங்கள்.

பிசியோதெரபியில் (மூட்டை மடக்கி நீட்டும் பயிற்சி) உயிர் போய் உயிர் வந்தது. மடக்கும்போதெல்லாம் செல்வியின் முகத்தை நினைத்துக்கொண்டேன். ஒருநாளும் பயிற்சிக்கு மட்டம் போடவில்லை.

அடுத்த சாரல் வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்று குளிக்கலாம் என்று டாக்டர் அனுமதித்தார். ஐந்தருவியில் வேன் நின்றதும் வழக்கம்போலப் பைகள் என் பக்கம் வந்தன. ஒவ்வொன்றாக வாங்கி செல்வியின் மடியில் அடுக்கினேன்.

“நான் குளிக்கதுக்குத்தானக்கா வந்தேன்?” என்றாள்.

“நானும் ஆறு வருசமா அதுக்குத்தான் வந்தேன். உக்காரு.”

என் வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். திரும்பிப் பார்த்தேன், மூடிக்கொண்டார்.

நடக்கும்போது மூட்டுக்குள் லேசாக ‘டிக்’கென்று ஒரு சத்தம் கேட்கிறது. இது என் கால்தான் என்று எனக்கு இன்னும் முழுதாக நம்பிக்கை வரவில்லை. ஆனால் நிற்கிறது. தண்ணீருக்குள் அசையாமல் நிற்கிறது.

போதும் வாங்கம்மா என்று மகள் இரண்டு தடவை கூப்பிட்டாள். வேனில் பையோடு காத்திருப்பவளுக்கு அரைமணி நேரம் எவ்வளவு நீளும் என்று எனக்குத் தெரியும். நான் அவசரப்படவில்லை.