தேங்காய் எண்ணெய் தேய்த்த கை

காலை ஒன்பது நாற்பதுக்குக் காரியம் கெடத் தொடங்கியது. மலேசியாவின் ஜொகூரில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடம். பள்ளி மாணவர்களுக்கான பயிற்சிக்கு ஆள் எடுக்கும் நாள். இதயத் துடிப்பைக் காட்டும் பட்டைகளை மாணவர்களே தங்கள் கைகளில் ஒட்டி இயக்க வேண்டும். மற்றவர்களின் திரைகளில் அலை சீராக ஓடியது. என் மகளின் திரையில் வெறும் கிறுக்கல். பின்னால் நின்ற என்னிடம், "கெடுத்துட்டேம்மா, வீட்டுக்குப் போலாம்," என்றாள்.

ஆய்வுக்கூட உதவியாளரான ஒரு பெண்மணி வந்தார். முன்கை முழுக்கச் சிவந்த சதுரத் தடங்கள். பிள்ளைகளுக்கு ஒட்டும் எதையும் முதலில் தன் கையில் ஒட்டிப் பார்ப்பாராம். அன்றும் ஒட்டினார், அலை வந்தது. கருவியில் குறை இல்லை என்றதும் மகளின் முகம் இன்னும் சுருங்கியது. அவர் அவளுடைய மணிக்கட்டை முகர்ந்தார்.

"யாரு எண்ணெய் தேச்சு விட்டது?"

நான் கையைத் தூக்கினேன்.

"நம்ம பிள்ளைங்க பாதி பேரு இப்படித்தான் மினுமினுன்னு வராங்க லா," என்று சிரித்தபடி, பஞ்சை மகளிடமே கொடுத்தார். "எண்ணெய் மேல பட்டை பிடிக்காது, நீயே துடைச்சு ஒட்டும்மா."

அலை எழுந்தது.

கடைசியாகப் பேராசிரியர் வந்து, யார் சரிசெய்தது என்று கேட்டார்.

"இந்தப் பொண்ணுதான் டாக்டர்," என்றார் உதவியாளர். எண்ணெயைப் பற்றி ஒரு சொல் இல்லை.

பேராசிரியர் மகளிடம் சொன்னார்: "சனிக்கிழமை பயிற்சிக்கு வந்துரு."