கல்யாண வீடியோவை வெட்ட ஒரு கம்ப்யூட்டர்

எங்கள் மகளின் கல்யாண வீடியோ மூன்று மணி நேரம் ஓடும். மணப்பெண்ணைப் பெற்ற நான் அதில் பதினோரு நொடி வருகிறேன். அதிலும் ஏழு நொடி முதுகு. என் கொழுந்தனார், அதாவது கணவரின் தம்பி, வராத இடமே இல்லை. மாப்பிள்ளை அழைப்பில் மாப்பிள்ளைக்கு முன்னால் வருகிறார். தாலி கட்டும்போது ஐயருக்குப் பின்னால் நின்று நேராகக் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். விவரம் தெரியாதவர்கள் பார்த்தால் கல்யாணமே அவருக்குத்தான் என்று நினைத்துக்கொள்வார்கள்.

மிச்ச நேரத்தில் ரோஜா இதழ்கள் கொட்டின. ஒரு காட்சி முடிந்து அடுத்தது வருவதற்குள் திரையில் ஒரு கூடைப் பூ விழுந்தாக வேண்டும் என்று ஏதோ சட்டம் இருக்கிறது போலும். ஓரிடத்தில் தாமரை விரிந்து அதற்குள்ளிருந்து சம்பந்தியம்மா எழுந்தருளினார். அவருக்கே அது பிடிக்கவில்லை.

வீடியோகிராபரிடம் போனில் சண்டை போட்டேன். அவரோ, எடுத்த ஒன்பது மணி நேரத்தையும் வெட்டாமல் ஒரு ஹார்டு டிஸ்க்கில் போட்டுக் கொடுத்தனுப்பிவிட்டார். "நானே வெட்டிக்கிறேன்" என்று வீட்டில் அறிவித்தேன். சும்மா சொல்லவில்லை. நான் கணக்கு டீச்சர். கொரோனா நேரத்தில் பாடங்களை வீடியோவாக எடுத்து, நடுவில் வந்த இருமலையும் குக்கர் விசிலையும் வெட்டியெறியப் பழகியிருந்தேன். ஆனால் அந்தப் பாடங்களை வெட்டிய பழைய லேப்டாப், கல்யாணத்தின் முதல் கோப்பைத் திறந்ததுமே உறுமத் தொடங்கியது. நாதஸ்வரக்காரர் வாயில் வாத்தியத்தை வைத்தார். நான் எழுந்துபோய்க் காபி போட்டுக்கொண்டு வந்தேன். அவர் இன்னும் ஊதவில்லை.

"புதுசா ஒரு டெஸ்க்டாப் வாங்கணுங்க" என்றேன் கணவரிடம்.

அந்த வாக்கியத்தைக் கொஞ்சம் யோசித்துச் சொல்லியிருக்கலாம். அவர் திருவெறும்பூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷம் கொள்முதல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஸ்ரீரங்கம் வீட்டில் மிக்ஸி ஜாருக்கு ரப்பர் வளையம் வாங்குவதென்றாலும் மூன்று கடையில் விலை கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு வருவார். அன்று சாயங்காலமே ஒரு நோட்டு வந்துவிட்டது. முதல் பக்கத்தில் "அதிகபட்சம் ஐம்பதாயிரம்" என்று எழுதி இரண்டு கோடு போட்டார். என்ன வாங்கப்போகிறோம் என்பது அதற்கு அடுத்த பக்கம்.

தொழில்நுட்ப ஆலோசகராகக் கொழுந்தனாரே வந்து சேர்ந்தார். அவர் புத்தூரில் இருக்கிறார். மருந்துக்கடை வைத்திருக்கிறார். கடையில் பில் போட ஒரு கம்ப்யூட்டர் இருப்பதால் குடும்பத்தில் கம்ப்யூட்டர் பற்றிய எல்லாக் கேள்விகளும் அவரிடம்தான் போகும்.

"அண்ணி, எடிட்டிங்னா கிராபிக்ஸ் கார்டு இல்லாம ஒண்ணும் நடக்காது. அதுல கையை வைக்காதீங்க. மத்ததெல்லாம் எது போட்டாலும் ஓடும்."

"எதனால தம்பி?"

"அது அப்படித்தாங்க அண்ணி."

ஒரு சனிக்கிழமை மூவரும் தில்லைநகரில் ஒரு கடைக்குப் போனோம். உள்ளே வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் மூன்று நான்கு விசிறிகள், பச்சை, ஊதா, சிவப்பு என்று நிறம் மாறி மாறிச் சுற்றிக்கொண்டிருந்தன. கல்யாண வரவேற்பு மேடையை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவதா என்று எனக்குச் சந்தேகம். கொழுந்தனார் முகத்தில் பக்தி தெரிந்தது.

விற்பனையாளர் என் கணவரைப் பார்த்துக் கேட்டார். "யாருக்குங்க சார்?"

"இவங்களுக்கு."

"மேடத்துக்கு என்னங்க சார், சமையல் சேனலா?"

"கல்யாண வீடியோ எடிட் பண்ணணும்" என்றேன் நான். "ஒன்பது மணி நேரம் இருக்கு. 4கே. மெமரி எவ்வளவு போடுவீங்க?"

அவர் என் கணவரிடம் பதில் சொன்னார். "எட்டு ஜிபி போட்டுரலாம் சார். இப்ப ராம் விலை தாறுமாறா ஏறிக் கிடக்கு. அதைக் குறைச்சாத்தான் கார்டு போட முடியும். கார்டு நல்லா இல்லன்னா பாட்டில்நெக் ஆயிடும் சார்."

"ம்ம், கரெக்ட்" என்றார் என் கணவர். இருபத்தெட்டு வருஷ தாம்பத்தியத்தில் இந்த "ம்ம், கரெக்ட்" எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு சொல்கூடப் புரியவில்லை என்று அர்த்தம்.

நான் இன்னும் நான்கு கேள்வி கேட்டேன். நான்குக்கும் பதில் அவருக்கே போனது. கடைசியில் கண்ணாடிப் பெட்டி, ஏழு நிற விசிறி, கொழுந்தனாரின் கார்டு, எட்டு ஜிபி, கோப்புகளை வைக்கச் சின்னதாக ஒரு எஸ்எஸ்டி என்று ஒரு கொட்டேஷன் தயாரானது. ஐம்பதாயிரத்துக்குள் அடக்கிவிட்டதில் அண்ணன் தம்பி இருவருக்கும் பெருமை. என் ஒன்பது மணி நேரமும் அந்த எஸ்எஸ்டியில் அடங்குமா என்று யாரும் கேட்கவில்லை. இன்னும் இரண்டு கடையில் கொட்டேஷன் வாங்க வேண்டியிருந்ததால் அன்றைக்கு நான் தப்பித்தேன். கொள்முதல் பிரிவை அதற்கு முன் நான் அவ்வளவு மனதார வாழ்த்தியதில்லை.

அடுத்த வாரம் ஒன்று தோன்றியது. எனக்குத் தெரிந்து தினமும் இதே வேலையைச் செய்கிற ஒரே ஆள் அந்த வீடியோகிராபர்தான். அவரோடுதான் சண்டை போட்டிருந்தேன். ஹார்டு டிஸ்க்கில் ஒரு கோப்பு திறக்கவில்லை என்று ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி உறையூருக்குப் போனேன்.

ஸ்டுடியோ ஒரு மாடியில், ஒற்றை அறை. வீடியோகிராபருக்கு நாற்பது வயதிருக்கும். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். நான் அவரைப் பார்க்கவில்லை. மேசைக்கடியில் இருந்த கம்ப்யூட்டரைப் பார்த்தேன். கறுப்புத் தகரப் பெட்டி. ஏதோ அலுவலகத்தில் சான்றிதழ் அடிக்கிற பெட்டி மாதிரி இருந்தது. மேலே தூசி, ஒரு டீ கிளாஸ். ஒரு விளக்குகூட எரியவில்லை.

"இதுலயா வெட்டுறீங்க?"

"ஆமாங்க மேடம். ஆறு வருஷமா."

"லைட்டு எதுவும் எரியலையே?"

அவருக்கு முதலில் புரியவில்லை. கொட்டேஷனை நீட்டினேன். படித்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "இது கேம் ஆடுறதுக்குங்க மேடம். உங்களுக்குக் கார்டே வேணாம். இப்ப வர்ற பிராசசர்லயே அந்த வேலைக்கு வசதி இருக்கு. அப்படி இருக்கிறதாப் பார்த்து வாங்குங்க. அந்தக் காசுல மெமரிய பதினாறாக்குங்க, பின்னால இன்னொண்ணு சேர்க்க ஒரு இடம் காலியா இருக்கணும். எஸ்எஸ்டி பெருசாப் போடுங்க. அப்புறம் நேரா 4கே-யில வெட்டாதீங்க. முதல்ல சின்ன சைஸ்ல ஒரு நகல் எடுத்துக்கணும். அதுல வெட்டிட்டுக் கடைசியில ஒரிஜினலுக்கு மாத்திக்கலாம். நானும் அப்படித்தான் பண்றேன்."

எல்லாவற்றையும் என்னைப் பார்த்தே சொன்னார். அந்த மாதத்தில் என்னைப் பார்த்துப் பதில் சொன்ன முதல் ஆண் அவர்தான். ஆகவே சண்டையின் மிச்சத்தைக் கொஞ்சம் மரியாதையாகவே எடுத்தேன்.

"எல்லாம் சரி. நான் ஏன் வீடியோவுல இல்ல?"

அவர் தயங்கினார். "நீங்க எங்கயாவது நின்னாத்தான மேடம் எடுக்க முடியும்? ஓடிக்கிட்டே இருந்தீங்க. நாலு தடவை கூப்பிட்டேன், 'வரேன் வரேன்'னு சொல்லிட்டுப் போயிட்டீங்க. அந்த சார் எங்க பக்கத்துலயே நின்னாரு. 'என்னை எடுத்தியா, எடுத்தியா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. எடுக்காம என்னங்க பண்றது?"

கோப்பு திறக்கவில்லை என்ற பொய்க்கு வேலையே வரவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

மறுபடி அதே தில்லைநகர் கடைக்கு இந்த முறை தனியாகப் போனேன். சார் இல்லாததால் விற்பனையாளர் வேறு வழியின்றி என்னிடம் பேசினார். ஒரு தாளில் எழுதிக்கொண்டுபோனதை வரிசையாகப் படித்தேன். வீட்டில் இருந்த மானிட்டரே போதும் என்றேன். பெட்டி எது மலிவோ அது என்றேன்.

"மேடம், அதுல லைட் வராதே" என்றார், உண்மையான கவலையோடு.

"பரவாயில்லைங்க. எங்க ரூம்ல ட்யூப்லைட் இருக்கு."

ஐம்பதாயிரத்துக்குச் சற்றுக் கீழேயே முடிந்தது. பெட்டி வீட்டுக்கு வந்ததும் என் கணவர் சுற்றிவந்து பார்த்தார். மூன்றாவது கொட்டேஷன் வருவதற்குள் வாங்கிவிட்டேன் என்பதுதான் அவர் வருத்தம். கொழுந்தனார் வந்து, "கார்டு எங்க அண்ணி?" என்றார். இல்லை என்றதும், துக்கம் விசாரிக்க வந்தவர் போல ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

ஒன்றரை மாதம், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகு வெட்டினேன். நகல் எடுக்கவே இரண்டு நாள் ஆனது. அதன் பிறகு நாதஸ்வரக்காரர் வாயில் வைத்த உடனே ஊதினார். பூக்களை ஒழித்தேன். தாமரையை ஒழித்தேன். கொழுந்தனாரையும் ஒழிக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. முக்கியமான ஒவ்வொருவரையும் ஒட்டியே அவர் நின்றிருந்தார். அவரை வெட்டினால் மாப்பிள்ளையும் சேர்ந்து போய்விடுவார்.

ஏழாவது மணி நேரத்தில் ஒரு நீளமான காட்சி கிடைத்தது. சாப்பாட்டுக் கூடத்துக்குப் பின்னால் கை கழுவும் இடம். யாரோ கேமராவை ஸ்டாண்டில் வைத்து அணைக்க மறந்து போயிருக்கிறார்கள். ஆள் இல்லை. பிறகு என் கணவர் வந்தார். நான்கு பக்கமும் பார்த்தார். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு துண்டால் முகத்தை மூடினார். தோள் குலுங்கியது. முகம் கழுவினார், இரண்டடி நடந்தார், திரும்பிவந்து மறுபடி அழுதார். பிறகு வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "எந்தப் பந்தியிலப்பா ரசம் வரல?" என்று சத்தம் போட்டபடி வெளியே போனார்.

அன்று அதற்கு மேல் வெட்டவில்லை. கம்ப்யூட்டருக்கு ஒன்றுமில்லை. எனக்குத்தான் திரை சரியாகத் தெரியவில்லை.

அதில் இருபது நொடியை, மகள் காரில் ஏறும் காட்சிக்கு முன்னால் சேர்த்தேன். முழுதும் சேர்த்து நாற்பது நிமிஷம் வந்தது. மகளும் மாப்பிள்ளையும் பெங்களூரிலிருந்து வந்திருந்தபோது எல்லாரும் உட்கார்ந்து பார்த்தோம். கை கழுவும் இடம் வந்ததும் மகள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அது புகை" என்றார் என் கணவர். "சமையல் கட்டுலேர்ந்து ஒரே புகை."

கேஸ் அடுப்பில் சமைத்தார்கள் என்பதை நான் சொல்லவில்லை. கொழுந்தனார் மட்டும், "என் குளோசப்பெல்லாம் நல்லா வந்திருக்கு அண்ணி. நம்ம புத்தூர் வீட்டு கிரகப்பிரவேச வீடியோ ஒண்ணு சும்மா கிடக்கு" என்றார்.

அவர்கள் ஊருக்குப் போன மறுநாள் என் கணவர் கம்ப்யூட்டர் பக்கம் வந்து நின்றார். எதற்கோ வந்தவர் போல மௌஸை நகர்த்தி வைத்தார்.

"அந்த எடத்தை எடுத்துட முடியுமா?"

"முடியுங்க. ரெண்டு நிமிஷ வேலை. எடுத்துடவா?"

"அவ ஏதாவது சொன்னாளா?"

"ஒண்ணும் சொல்லல. அந்த எடத்தைத்தான் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தா. போன்ல ஏத்திக்கிட்டும் போயிருக்கா."

மௌஸைப் பழைய இடத்துக்கே நகர்த்தினார். "சரி, இருக்கட்டும்" என்றார். வாசல்வரை போய்த் திரும்பினார். "கீழ 'புகை'ன்னு எழுத்து மாதிரி போடலாமா?"

போடலாம் என்றேன். இதுவரை போடவில்லை.