ஜெயம்மாள் முறை

அறுபதுகளில் காஞ்சிபுரத்தில் வாடகைக்கு வீடு வேண்டுமென்றால் தரகர் தணிகாசலத்திடம்தான் போகவேண்டும். எந்த வீடு காலியாகப்போகிறது என்பது குடியிருப்பவனுக்கே தெரியுமுன் அவருக்குத் தெரிந்துவிடும். கறுப்புக் குடை, வெற்றிலை வாய், ஓயாத பேச்சு. பட்டு நெசவுக்காரர்கள் வீடு கேட்டு வந்தால் ஒரே பாட்டுதான் பாடுவார்: "சித்திரையில பாத்துட்டு மயங்கிடாதபா. சித்திரையில எல்லா வூட்லயும் வெயில் இருக்குது. ஐப்பசியில எங்க விழுதுன்னு அக்கம்பக்கத்துல கேளு."

நல்ல புத்திதான். இந்த ஊரில் வெயிலுக்கு ஏங்குவதாகச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். அடைமழையில் வந்து இருந்து பார்த்தால் தெரியும். தறிக்குழியில் தண்ணீர் ஊறும். தறியில் ஏற்றவேண்டிய பாவு நூலைத் தெருவில் நீட்டிக் கட்டி, கஞ்சி தோய்த்து, வெயிலில் காயவைக்க வேண்டும். பாவு காயாவிட்டால் தறி ஓடாது, தறி ஓடாவிட்டால் அடுப்பு எரியாது. எங்கள் பக்கம் பாதி வாடகை சுவருக்கு என்றால் பாதி வெயிலுக்கு. இதில் யாரும் பேரம் பேசமாட்டார்கள்.

அப்பேர்ப்பட்ட தணிகாசலமே வெயிலில் ஏமாந்தார்.

அவர் மனைவி ஜெயம்மாளுக்கு மூச்சிழுப்பு நோய். சந்துக்குள் ஓதம் ஏறிய வீடு. ஒரு கார்த்திகையில் அந்த அம்மாள் பிழைத்ததே பெரிய பாடாகிவிட்டது. இன்னொரு மழைக்காலம் அங்கே தாங்கமாட்டாள் என்று அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. சித்திரையில் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் எதிர்வீடு காலியானதும் அவளைக் கையோடு அழைத்து வந்தார். பின்கட்டு முற்றத்தில் வெயில் கொட்டிக் கிடந்தது. ஜெயம்மாள் அதன் நடுவில் போய் உட்கார்ந்து தலைமுடியை அவிழ்த்து விட்டுக்கொண்டாளாம்.

"இங்கயே இருந்துடலாங்க" என்றாளாம்.

அவ்வளவுதான், மனுஷன் விழுந்துவிட்டார். ஆடி பிறந்தால் யாரும் குடிபோக மாட்டார்கள். ஐப்பசி வரை பொறுத்துப் பார்க்க ஏது நேரம்? அக்கம்பக்கத்தில் விசாரித்தால் வேறு தரகன் கொத்திக்கொண்டு போய்விடுவான் என்று வாயே திறக்கவில்லை. முற்றத்துக்குத் தெற்கே பட்டு வியாபாரியின் மாடி வீடு மலைபோல் நின்றது. ஊரார் வீட்டுக்கெல்லாம் தெற்கே அண்ணாந்து பார்க்கிறவர் தன் வீட்டுக்குப் பார்க்கவில்லை. அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் என்னிடம் வந்து குடிக்கத் தண்ணீர் கேட்டார். அதற்குமேல் நான் சொல்லி என்ன ஆகப்போகிறது?

ஐப்பசியில் சூரியன் தெற்கே சாய்ந்து மாடிக்குப் பின்னால் போய்விட்டது. முற்றத்தில் பாசி பிடித்தது. ஜெயம்மாளின் இழுப்பு என் வீடு வரை கேட்டது. தணிகாசலம் முகத்தைப் பார்க்கச் சகிக்காது. "ஊருக்கெல்லாம் சொன்னனே வடிவு, எனக்கு யாரும் சொல்லலியே" என்று என்னிடம் புலம்பினார். எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

கார்த்திகையில் ஒரு நாள் மழை விட்டது. "வெயிலு, வெயிலு!" என்று தெருவே கத்தியது. அந்த மாதத்தில் எங்கள் தெருவில் கிழக்கு முனையில் மட்டும்தான் நல்ல வெயில். அங்கே பாவு நீட்ட முறை உண்டு. யார் பாவு முதலில் காத்திருக்கிறதோ அவர்களுக்கே முதல் வெயில். பெற்ற அண்ணன் தம்பியே முறை தாண்டினால் பேச்சு வார்த்தை நின்றுவிடும். அன்றைக்கு எங்கள் தெரு நெசவுக்காரர் தர்மன் முறை. வாயைத் திறந்தால் வசவுதான் வரும் அந்த மனுஷனுக்கு. அவர் தோளில் பாவைச் சுமந்து போனால், பாவைத் தாங்கும் குச்சி நடும் இடத்தில் பாய் விரித்து ஜெயம்மாள் உட்கார்ந்திருக்கிறாள். நெசவுக் குடும்பமில்லை, பாவம், அவளுக்கு முறை தெரியாது.

"யாரும்மா அது, என் மொறையில ஒக்காந்துக்கினு?"

ஜெயம்மாள் பதறி எழுந்தாள். எழுந்த வேகத்தில் மூச்சு இழுத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாங்கள் எல்லோரும் தர்மன் வாயையே பார்த்தோம்.

தர்மன் வானத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "ஒக்காரும்மா" என்றார். பாவு நீட்டக் கைகொடுக்க வந்த என் பக்கம் திரும்பி, "இன்னா பாத்துக்கினு நிக்கிற? குச்சிய தள்ளி நடு. இந்தம்மாவும் கொஞ்சம் காயட்டும்" என்று எரிந்து விழுந்தார்.

அன்றிலிருந்து மழை விடும்போதெல்லாம் அங்கே ஒரு பாய் இடம் விட்டுத்தான் குச்சி நடுவோம். ஜெயம்மாள் முறை என்றே அதற்குப் பெயராகிவிட்டது. வெயில் வந்தால் பாவுக்காரர்கள் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

அடுத்த ஐப்பசியில் தணிகாசலம் மழையில் நனைந்துகொண்டே ஓடிவந்தார். தெற்கே வெட்டவெளியாக ஒரு வீடு. அக்கம்பக்கத்தில் விசாரித்தும் ஆயிற்றாம்.

ஜெயம்மாள் கேட்டாள்: "அங்க வெயில் இருக்குது, சரி. வெயில் வந்துடுச்சு வான்னு கூப்புட ஆளு இருக்குதா?"

அந்த வீட்டை வேறு யாருக்கோ முடித்துக் கொடுத்தார். ஜெயம்மாள் எதிர்வீட்டிலேயே பல மழைக்காலம் இருந்தாள். எழுபத்திரண்டில் ஒரு பங்குனியில், நல்ல வெயிலில், போய்ச் சேர்ந்தாள்.

அடுத்து வந்த கார்த்திகையில் மழை விட்டதும் தர்மன் பாவை நீட்டினார். பழையபடி ஒரு பாய் இடம் விட்டுத் தள்ளியே குச்சி நட்டார். பிறகு அவர் எதிர்வீட்டு வாசலைப் பார்த்துக் கத்தினார்: "யோவ் தணிகாசலம், வெயிலு வந்துடுச்சுய்யா!"

தணிகாசலம் அவள் பாயை எடுத்துக்கொண்டு வந்தார்.