ஹிதேஷ் தண்டேலுக்கு ஒரு பாடு

மாலாவுக்குக் காலில் சக்கரம் என்று ஊரே கேலி பேசும். பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்தில் பிறந்தவள், பத்தொன்பது வயதில் இறால் உரிக்கும் வேலைக்குக் குஜராத் போனாள். ஆறு வருஷம் கழித்துத் திரும்பியபோது ஹிதேஷ் தண்டேல் என்ற படகோட்டியைக் கட்டிக்கொண்டு வந்தாள். ஊர் வாய் சும்மா இருக்குமா?

அவள் நைனா போய்ச் சேர்ந்தபின் அவருடைய பாடு காலியாகக் கிடந்தது. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாள், யார் வலை கட்டுவது என்ற முறைக்குத்தான் பாடு என்று பெயர். ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் மருமகனுக்குத் தரலாம்; ஆனால் அவன் மீனவச் சாதியாக இருக்கவேண்டும். பாடு கிடைக்காவிட்டால் பொன்னேரிப் பக்கம் சித்தாள் வேலைதான். அதை நினைத்து மாலா பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

இங்கே குடும்பப்பெயர் கிடையாது. ஊரும் அப்பன் பேரும் தெரிந்தால் சாதி தெரிந்துவிடும். குஜராத்திலோ பெயரின் வாலிலேயே எல்லாம் இருக்கிறது என்று மாலா நம்பினாள். தண்டேல் என்றால் படகுத் தலைவன். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? "உன் பேரு எப்டி வந்துச்சுனு ஊர்க் கூட்டத்துல சொல்லு, நான் தமிழ்ல சொல்றேன்" என்று அவனை நச்சரித்தாள். முழுக்கதையை அவள் ஒருநாளும் கேட்டதில்லை. ஓர் இடத்தில் உட்கார்ந்தால்தானே!

ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் வாசலில் கூட்டம். ஊர்த்தலைவர் வேதாசலம், "நீ இன்னா சாதிப்பா? எத்தினி தலைமுறையா தொழிலு?" என்றார்.

ஹிதேஷ் எழுந்து தன் பாஷையில் உற்சாகமாக ஆரம்பித்தான். அவனுடைய கொள்ளுத்தாத்தா பஞ்சத்தில் ஓடிவந்த குயவர் வீட்டுப் பிள்ளை. கடலையே பார்க்காத ஊர். சரக்குப் படகில் சோறு பொங்கினார். பிள்ளையில்லாத படகுத் தலைவர் சாகும்போது சுக்கானை அவர் கையில் கொடுத்தார். அன்றிலிருந்துதான் தண்டேல். அவர்கள் வீட்டுக் கல்யாணங்களில் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லும் கதை அது.

மாலா முந்தானையை முறுக்கினாள். எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

"இன்னாம்மா சொல்றாரு?"

"ஏழு தலைமுறையா கடல்தானாம், பெரீப்பா. வேற தொழிலே தெரியாதாம்."

"அவ்ளோ நேரம் பேசுனாரே!"

"அவுங்க பாஷையே அப்டித்தான், நீளம்."

கூட்டம் சிரித்தது. பாடு கிடைத்தது. வியாழக்கிழமை முதல் முறை.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மாலா ஓயாமல் பேசினாள். வலை, கோல், கயிறு, யார் படகைக் கேட்பது என்று ஒன்றும் மிச்சமில்லை. ஹிதேஷ் பின்தங்கியே வந்தான். மீன் ஏலத்தில் நின்று நின்று அவனுக்குத் தமிழ் எண்கள் பழகியிருந்தன.

"ஏழு தலைமுறைனு சொன்னே. எனக்கு நாலுதான்" என்று தன் பாஷையில் சொன்னான்.

மாலாவுக்கு முகம் சிவந்தது. குற்றம் செய்தவளுக்குத்தான் கோபம் முதலில் வரும். "உனக்குப் பாடு வேணுமா, வாணாமா?" என்று சீறினாள்.

"வேணும்" என்றான். "அதான் கேக்கறேன். மேல அந்த மூணு பேரு யாரு? பேரு சொல்லு. நானும் மனப்பாடம் பண்ணிக்கிறேன்."