கறுப்புப் பட்டையில் வெள்ளைக் கோடு

எங்கள் வீட்டில் ரப்பர் தங்காது. பென்சில் எழுத்தை அழிக்கிற ரப்பரைத்தான் சொல்கிறேன். அக்கா பிள்ளைகளுக்கு எத்தனை வாங்கிக் கொடுத்தாலும் மறுநாளே அத்தானின் சட்டைப் பைக்குப் போய்விடும். பழைய கார் விற்கும் இடத்தில் வண்டிகளைத் துடைத்து மினுக்குவது அவர் வேலை. பாலிஷ் போடும்போது மெழுகு கதவோரத்துக் கறுப்பு பிளாஸ்டிக் பட்டையில் பட்டுக் காய்ந்துவிட்டால், அதன் சொரசொரப்புக்குள் வெள்ளை வெள்ளையாக அப்பிக்கொள்ளும். வெறும் தண்ணீருக்கு மசியாது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர் விட்டுப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்ப்பார். அதற்கும் அசையாததை ரப்பரால் அழித்தெடுப்பார். எங்கள் வீட்டு பிரஷ்களும் அப்படிப் போனவைதான். முதலாளி அவருக்கு வைத்த பெயர் ‘பளபளா’. அதில் மனுஷனுக்கு உள்ளூரப் பெருமை வேறு.

ஒரு நீலக் கார் வந்தது. ஒரு பக்கத்துப் பட்டையில் மட்டும் மெழுகு காய்ந்திருந்தது, மறுபக்கத்தில் பொட்டுக்கூட இல்லை. வருஷக்கணக்காகப் பட்டையோடு மல்லுக்கட்டியவருக்கு அது போதாதா? அந்தப் பக்கம் அடிபட்டிருக்கிறது. தட்டி நிமிர்த்தி, பெயிண்ட் அடித்து, பாலிஷ் போட்டிருக்கிறார்கள். முதலாளியிடம் கேட்டார்.

“உனக்கெதுக்குப்பா அதெல்லாம்? வாங்க வர்றவங்க கண்ணுக்கு ஒரு கோடுகூடத் தெரியக் கூடாது.”

அத்தான் துடைத்தார்.

வாங்க வந்தவள் எங்கள் மாடியில் குடியிருக்கும் தையல்காரி. நடக்க முடியாத அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகத்தான் அவளுக்குக் கார்.

“நீங்க இருக்கிற இடம்னுதான் அண்ணே வந்தேன். வண்டி எப்படி அண்ணே?”

“பளபளன்னு இருக்கும்மா.”

அத்தானுக்குப் பொய் சொல்ல வராது. பாதி உண்மையை முழுங்க மட்டும் நன்றாக வரும்.

முதல் மழையிலேயே பின்கதவு ஒழுகியது. பெரியவர் உட்காரும் பக்கம் அதுதான். நனைந்து வந்து காய்ச்சலில் படுத்துவிட்டார். மாடியில் இருமல் கேட்டால் போதும், அத்தான் சாப்பாட்டை விட்டு எழுந்துவிடுவார். வயிற்றில் கோளாறு என்று அக்கா கஷாயம் வைத்துக் கொடுத்தாள். விஷயத்தை என்னிடம் மட்டும் சொன்னார்.

“எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? மாடிக்குப் போய்ச் சொல்லுங்க அத்தான்” என்றேன். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

“போறேன், போறேன்” என்பார். படியில் கால் வைத்ததும் ஏதாவது வேலை ஞாபகம் வந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே காரை எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

“பட்டறையில கொடுத்துக் கதவைத் தட்டி பெயிண்ட் அடிச்சேன் அண்ணே. ஏற்கெனவே அடிபட்ட வண்டியாம், திரும்பவும் ஒழுகத்தான் செய்யுமாம். வித்துடலாம்னு இருக்கேன். உங்க முதலாளி உங்களையும் சேர்த்து ஏமாத்திட்டாரு பாருங்க.”

அந்தப் பக்கத்துப் பட்டையில் மட்டும் மெழுகு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. அத்தான் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்னை யாரும் ஏமாத்தல. எனக்கு அப்பவே தெரியும்மா. அன்னிக்கும் இதே பக்கம், இதே வெள்ளை. நான்தான் அழிச்சேன். என்னை மன்னிச்சிடு.”

அவள் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் அத்தான் பிழைத்திருப்பார்.

“அப்ப இதை அழிக்கத் தெரியும் உங்களுக்கு” என்றாள் அவள். “அழிங்க. வாங்க வர்றவங்க கண்ணுக்கு ஒரு கோடுகூடத் தெரியக் கூடாது.”

முதலாளி சொன்ன அதே வார்த்தைகள். அத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார். மாடியில் பெரியவர் இருமினார். அத்தான் பையிலிருந்து ரப்பரை எடுத்துக்கொண்டு கதவோரம் குந்தினார்.

முடியும்வரை அவள் பின்னாலேயே நின்றாள். “இங்க இன்னும் இருக்கு” என்று விரலால் காட்டினாள். “இங்கயும்.”

அன்று அவள் காரை எடுத்துக்கொண்டு போகும்வரை அண்ணே என்று கூப்பிடவே இல்லை.