பெல்ட் இருந்தது பைக் பெட்டியில்

கம்பியில்லா இணையம் கொடுப்பது எங்கள் தொழில். கம்பி, குழாய், கிளாம்ப், ஸ்பேனர் எல்லாவற்றையும் தோளில் போட்டுக்கொண்டு அடுத்தவர் மாடியில் ஏறுவது அதன் நடைமுறை. டிஷ் மாட்டுகிறவர்கள், கேமரா மாட்டுகிறவர்கள், சோலார் தட்டு துடைக்கிறவர்கள் என்று திருப்பூரில் மாடி ஏறிப் பிழைக்கிற எல்லோருக்கும் என் பாடு தெரியும். லிஃப்ட் இருக்கிற கட்டடத்தில் நமக்கு வேலை வராது. வந்தால் அன்றைக்கு லிஃப்ட் ஓடாது.

என் பெயர் சிவகுமார், சொந்த ஊர் வெள்ளகோவில். என்னோடு ஐந்து வருடம் ஜோடியாக வேலை பார்த்தவர் ஆரோக்கியம், தூத்துக்குடிப் பக்கம். அவர் மனைவி ஜெபா இங்கே ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறார். எங்கள் இருவரில் நான்தான் டீம் லீடர். ஏதோ பெரிய பதவி மாதிரி இருக்கும். இரண்டு பேர் டீமில் பைக் சாவி யாரிடம் இருக்கிறதோ அவர் லீடர், அவ்வளவுதான்.

மாடிச் சாவி

புது இணைப்புக்குப் போனால் முதல் வேலை, அந்த மாடியிலிருந்து எங்கள் டவர் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்ப்பது. நடுவில் ஒரு கட்டடமோ தென்னை மரமோ நின்றால் சிக்னல் வராது. அப்போது இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி இடையில் ஒரு வீட்டைத் தேடிப் பிடித்து, அதன் மாடியில் இன்னொரு டிஷ் வைப்போம். இடம் கொடுக்கிற வீட்டுக்கு நெட் இலவசம். அந்த வீட்டுக்காரர் மனசு வைத்தால் ஒரு தெருவுக்கே நெட் கிடைக்கும். அவர் மாடியைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்விட்டால் தெருவே எங்களைத் திட்டும்.

பெருமாநல்லூரில் அப்படி ஒரு வீடு கிடைத்தது. வீட்டுக்கார அம்மா சாவியை உடனே கொடுத்துவிட்டார். ஆனால் மாடி முழுக்க மிளகாய் காய்கிறது, செருப்போடு ஏறக்கூடாது என்றார். சித்திரை மாதம், உச்சி வெயில். நானும் ஆரோக்கியமும் வெறுங்காலோடு நின்று, நிற்க முடியாமல், ஒரு குதி குதித்தோம். நிற்பதற்கு ஒரு சாக்காவது கொடுங்கள் என்று மேலிருந்து கேட்டேன். அந்த அம்மா இரண்டு டம்ளர் மோரோடு படியேறி வந்து சொன்னார்: "சாக்கெல்லாம் எதுக்குங்க கண்ணு, சுருக்கா வேலைய முடிச்சுப் போட்டு எறங்குனீங்கன்னா சுடாதுங்க."

நம்பர்

டிஷ்ஷை மாட்டுவது சுலபம், திருப்பி நிறுத்துவதுதான் கஷ்டம். ஒருவர் மேலே நின்று டிஷ்ஷை மயிரிழை மயிரிழையாகத் திருப்புவார். இன்னொருவர் கீழே லேப்டாப்பைப் பார்த்து போனில் சிக்னல் நம்பர் சொல்வார். மைனஸ் எண்பது என்றால் வீடியோ உறைந்து நிற்கும், மைனஸ் அறுபது என்றால் ஓடும்; பேச்சில் மைனஸை விட்டுவிடுவோம். டிஷ்ஷுக்கு முன்னால் ஓர் ஆள் நின்றாலே நம்பர் விழுந்துவிடும். மேலே இருப்பவருக்குத் திரை தெரியாது, கீழே இருப்பவருக்கு ஆள் தெரியாது. எங்களில் திருப்புகிறவர் ஆரோக்கியம், நம்பர் சொல்கிறவன் நான்.

அவிநாசிபாளையம் பக்கம் ஒரு தொழிலாளர் விடுதியில் அப்படி நம்பர் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒடிசாக்காரர் ஒருவர் என் முதுகுக்குப் பின்னாலேயே போனோடு நின்றார். ஊரில் அவருக்குக் குழந்தை பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது, இன்னும் முகம் பார்க்கவில்லை. எழுபத்தெட்டு, எழுபது, அறுபத்து நான்கு என்று நான் சொல்லச் சொல்ல அவரும் கூடவே முணுமுணுத்தார். அறுபத்தொன்றில் ஆரோக்கியம் நட்டை முடுக்கினார், வீடியோ வந்தது. இந்த வேலையில் எனக்குப் பெருமையாக இருந்த நாட்களில் அதுவும் ஒன்று. குழந்தை கையை ஆட்டுவதை என் மூக்கு வரை கொண்டுவந்து காட்டி அவர் கத்தினார்: "தேகோ பையா, ஹாத் ஹிலா ரஹா ஹை!"

போல்ட் வரிசை

பழைய பனியன் கம்பெனிகள் பலவற்றுக்கு சிமெண்ட் ஷீட் கூரை. அதில் நடப்பதற்கு ஒரே ஒரு விதி உண்டு: போல்ட் வரிசை மேல்தான் கால் வைக்க வேண்டும். போல்ட்டுக்கு அடியில் இரும்புச் சட்டம் இருக்கும், தாங்கும். அதற்கு வெளியே ஷீட்டுக்கு அடியில் ஒன்றும் இல்லை.

அன்றைக்குப் போன கம்பெனியில் நான்கு மணிக்கு வெளிநாட்டு பையர் வீடியோவில் சரக்கைப் பார்வையிடுவதாக இருந்தார். பழைய இணைப்பு காலையிலேயே போய்விட்டது. மேனேஜர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். எங்கள் சேஃப்டி பெல்ட் பைக் பெட்டியில் இருந்தது, பைக் கேட்டுக்கு வெளியே இருந்தது. எடுத்துவர வேண்டுமென்றால் செக்யூரிட்டி புத்தகத்தில் வெளியே போனதாக ஒரு கையெழுத்து, உள்ளே வந்ததாக ஒரு கையெழுத்து. "பெல்ட் வேணுமா அண்ணாச்சி?" என்று ஆரோக்கியம் கேட்டார். "கால் மணி நேர வேலைதானுங்க, ஏறுங்க" என்றேன். அவர் ஏறினார்.

கீழே ஆபீஸ் அறையில் உட்கார்ந்து நம்பர் சொன்னேன். அறுபத்தாறு வரை வந்தது, திடீரென்று எண்பத்தைந்துக்கு விழுந்தது. கிளாம்ப்பை முடுக்க அவர் டிஷ்ஷுக்கு முன்னால் வந்திருக்கிறார் என்று புரிந்தது. "நீங்க மறைச்சுட்டு நிக்கறீங்க, தள்ளி நில்லுங்க" என்றேன். தள்ளி நின்றார். நம்பர் அறுபத்திரண்டு ஆனது. அடுத்த நொடி பக்கத்து ஹாலில் ஷீட் உடையும் சத்தம் கேட்டது. துணி ரோல்களின் மேல் பாதியும் தரையில் பாதியுமாகக் கிடந்தார். தலை தப்பியது, இடுப்பெலும்பு உடைந்தது. டெய்லர்கள் மெஷினை நிறுத்திவிட்டு ஓடி வந்தார்கள். ஆம்புலன்ஸில் அவரை ஏற்றியதும் நானும் ஏறப் போனேன். மேனேஜர் பின்னாலேயே வந்தார். கெட்டவர் இல்லை, அவர் கண்ணிலும் தண்ணீர்தான். ஆனாலும் அவர் கேட்டது இது: "ஏனுங்க, நாலு மணிக்குள்ள வேற யாராச்சும் வருவாங்களாங்க?"

ஆஸ்பத்திரி

ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள்தான் ஆரோக்கியம் தெளிவாகப் பேசினார். அதுவரை காலையிலும் மாலையிலும் நான் போய் வந்தேன். ஜெபாவுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தேன், மருந்துச் சீட்டோடு ஓடினேன். "கூடப் பொறந்த அண்ணன் மாதிரி" என்று பக்கத்துக் கட்டில்காரரிடம் ஜெபா என்னைப் பற்றிச் சொன்னது காதில் விழுந்தது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

விழுந்தது எப்படி என்று அவருக்கு ஒன்றுமே நினைவில்லை. ஏணியில் ஏறியது வரை தெரிகிறது, பிறகு ஆஸ்பத்திரி விளக்கு. பெல்ட் பற்றிக் கேட்டதும் போய்விட்டது, நான் தள்ளி நிற்கச் சொன்னதும் போய்விட்டது. அந்த இரண்டும் இனி எனக்கு மட்டுமே தெரியும். உண்மையைச் சொல்கிறேன், அதைக் கேட்டபோது முதலில் எனக்கு வந்தது நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. நான் தலை குனிந்து உட்கார்ந்திருக்க, அவர் என் கையைத் தொட்டுக் கேட்டார்: "கடைசில நம்பர் எம்புட்டு வந்துச்சு அண்ணாச்சி?"

ஒரே வரி

எங்கள் ஆபீஸில் விபத்து நடந்தால் டீம் லீடர் கைப்பட ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும். அதில் ஒரு வரிதான் முக்கியம்: பெல்ட் கொடுக்கப்பட்டதா? கொடுத்தும் அவர் போடவில்லை என்று எழுதினால் தப்பு அவருடையது. ஆஸ்பத்திரிச் செலவை ஆபீஸ் ஏற்காது, நடக்க முடிந்தாலும் வேலைக்குத் திரும்ப எடுக்காது. கொடுக்கவில்லை என்று எழுதினால் தப்பு என்னுடையது. மறுநாள் நான் வேலைக்கு வர வேண்டாம்.

எங்கள் சூப்பர்வைசர் நல்ல மனிதர், என் மகன் காதுகுத்துக்கு வந்து மொய் எழுதியவர். வெள்ளைத்தாளை என் முன்னால் வைத்துவிட்டு, மின்விசிறிக் காற்றில் பறக்காமல் அதன் மேல் தன் போனையும் வைத்தார். ஆரோக்கியத்துக்கே நினைவில்லை என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தணித்துச் சொன்னார்: "யோசிச்சு எழுதுங்க சிவா. அவரு எப்பிடியும் இனி மாடி ஏறப் போறதில்லீங்க, நீங்க ஏறோணும்."

நகல்

எழுதினேன். பெல்ட் பைக் பெட்டியில் இருந்தது; அவர் கேட்டார், வேண்டாம் என்று சொன்னவன் நான்; தள்ளி நிற்கச் சொன்னதும் நான். மூன்று வரிதான், ஆனால் இரண்டு தாள் கிழித்த பிறகே எழுத வந்தது. ஆஸ்பத்திரிச் செலவை ஆபீஸ் கட்டியது. ஆறு மாதம் கழித்து, கைத்தடியோடு வந்த ஆரோக்கியத்துக்குக் கம்ப்ளெயிண்ட் போன் எடுக்கிற நாற்காலி கிடைத்தது. என்னை அந்த வாரமே அனுப்பிவிட்டார்கள்.

அதற்கு முன்பு, ஆரோக்கியம் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே, செலவுத் தொகைக்காக ஜெபா ஆபீஸுக்குப் போனபோது, மற்றக் காகிதங்களோடு என் கடிதத்தின் நகலையும் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அது தெரியாது. வழக்கம்போல அன்று மாலையும் சாப்பாட்டுப் பையோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஜெபா வராந்தாவிலேயே நின்றார். கையில் நான்காக மடித்த தாள். நேரில் சொல்ல எனக்குத் தைரியம் வராததை, யாரோ ஒரு கிளார்க் அவரிடம் நீட்டியிருக்கிறார். பையை வாங்கிக்கொள்ளவில்லை. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் அழாமல், சத்தம் உயர்த்தாமல் சொன்னார்: "நீங்க நெசத்த எழுதுனதாலதான் அவுகளுக்கு வைத்தியம் நடக்கு, அத நான் மறக்க மாட்டேன். ஆனா இனிமே இங்க வராதீய அண்ணாச்சி."

இப்போது வேறொரு கம்பெனியில் இதே வேலைதான். பெல்ட் இல்லாமல் ஏணியில் கால் வைப்பதில்லை, ஆள் எங்கே நிற்கிறார் என்று கேட்காமல் நம்பர் சொல்வதில்லை, இவ்வளவு நல்ல பழக்கமும் யாருடைய இடுப்பெலும்பில் கற்றது என்று மட்டும் அங்கே இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.