நீலாவதியின் பன்னிரண்டு மில்லிமீட்டர்

நீலாவதிக்குப் பொய் சொல்லவே தெரியாது என்று மலேசியாவில் லிங்கி பக்கத்து ரப்பர் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் சத்தியம் செய்வார்கள். செய்யட்டும். அவள் வருஷத்துக்கு ஒரே ஒரு பொய்தான் சொன்னாள், அதுவும் மழையைப் பற்றி.

எழுபத்து நாலிலிருந்து தோட்டத்து மழைமானி அவள் பொறுப்பு. காலையில் குப்பியில் சேர்ந்த நீரை அளந்து, நோட்டில் எழுதி, ஆபீசுக்குச் சீட்டு அனுப்புவாள். மரம் நனைந்தால் அன்றைக்குப் பால்மரம் வெட்டு கிடையாது. வேலைக்கு வரவில்லை என்று யார் மேலும் குற்றம் எழுத முடியாது. துரையின் பங்களா மலைக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் பெய்ததா என்பதற்கு அவளுடைய சீட்டுதான் சாட்சி.

பொங்கலுக்கு மறுநாள், ஜனவரி பதினைந்து, பக்கத்துத் தோட்டத்தோடு பந்து விளையாட்டு. லீவு கேட்டால் கொடுத்துவிடுவார்களாக்கும்! வானம் பளிச்சென்று இருக்கும். ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் ஆறுமுகமே பூட்ஸ் மாட்டிக்கொண்டு தயாராக நிற்பார், அவர்தான் கோல்கீப்பர். நீலாவதி எழுதுவாள்: பன்னிரண்டு மில்லிமீட்டர். பின்னால் யாரும் கேட்டால் குழம்பக் கூடாதே என்று வருஷா வருஷம் அதே பன்னிரண்டு.

தொண்ணூற்றெட்டில் அவளுக்கு ஓய்வு. கம்பெனி கௌரவிக்கப் போகிறதாம். சிரம்பானில் சேவுகன் என்றொரு பையன், அப்பா தலையில் அடித்துக்கொண்டும் கேட்காமல், லேசர் மெஷின் வாங்கி வைத்திருந்தான். கண்ணாடிக் கட்டிக்குள்ளே புள்ளி புள்ளியாய் உருவம் செதுக்கும் மெஷின். நினைவுப் பரிசு செய்ய அவள் நோட்டுகளை அவனிடம் கொடுத்தார்கள். வருஷத்துக்கு ஒரு வரிசை. அன்றன்று எவ்வளவு மழையோ அவ்வளவு உயரத்துக்குப் புள்ளிகள்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு கொண்டுவந்து காட்டினான். அம்மாடி, என்ன அழகு! இருபத்தைந்து வருஷத்து மழையும் வெள்ளை வெளேரென்று மலையும் பள்ளமுமாய் கண்ணாடிக்குள் நின்றது. அக்டோபர், நவம்பர் பக்கம் உயரமான மலைகள். ஜனவரி பக்கம் வெறும் தரை. அந்தத் தரையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, நூல் பிடித்துக் கட்டியதுபோல ஒரு வேலி. எல்லாம் நீலாவதியின் பன்னிரண்டுதான்.

"என்னாக்கா இது? மெஷின் கோளாறோன்னு பாத்தேன். நோட்டுலயும் அப்படித்தான் இருக்கு. எடுத்துட்டு வேற கண்ணாடில போட்டுரவா?"

எடுத்துவிட்டால் தப்பித்தாள். அவள் ஓய்வுக்குப் பிறகும் தோட்டத்து வீட்டிலேயே இருக்கலாம் என்ற கடிதத்தில் கையெழுத்துப் போட வருகிறவர் கம்பெனி பெரிய அதிகாரி கணேசமூர்த்தி. தப்பு அளவு எழுதிய ஒரு கிராணியை, ஆபீஸ் குமாஸ்தாவை, அன்றே பெட்டி கட்ட வைத்த மனுஷன். சிரித்து யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் கண்ணாடியைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு மனசு வரவில்லை.

"வேணாம்யா. மத்ததெல்லாம் வானம் செஞ்சது. இது ஒண்ணுதான் நான் செஞ்சது. இருக்கட்டும்."

விழாவில் கணேசமூர்த்தி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். விரல் நேரே வேலிக்குப் போனது.

"ஜனவரி பதினஞ்சா?"

முன்வரிசையில் பழைய பந்துக்காரர்கள் அத்தனை பேரும் கூரையைப் பார்த்தார்கள். ஆறுமுகத்துக்கு எங்கிருந்தோ இருமல் வந்தது. பாவிகள், ஒருத்தராவது வாயைத் திறக்க வேண்டுமே!

"ஆமாங்கய்யா," என்றாள் நீலாவதி. "அன்னிக்கு மழையே பெய்யல. பந்து வெளையாடுனாங்க. நான்தான் எழுதுனேன்."

அவர் மேசையில் இருந்த கடிதத்தை எடுத்துப் படித்தார். ஒரு பக்கத்தைப் படிக்க அவ்வளவு நேரமா ஆகும்?

"பந்து வெளையாட ரெண்டு தோட்டம் வேணுமேம்மா. பக்கத்துத் தோட்டத்துக்கு யாரு லீவு குடுத்தாங்க?"

இத்தனை வருஷத்தில் அதை அவள் யோசித்ததே இல்லை.

"எழுபத்தஞ்சுல அங்க நான்தான் சின்ன கிராணி," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். "எங்க பக்கம் நான் எழுதுனது பதினஞ்சு மில்லிமீட்டர். அவ்வளவு மழை பெய்ய வச்சும் ஒரு வருஷம்கூட நாங்க ஜெயிக்கல."